ஒன்பதாவது வண்டி

பாலையடிக் கேற்,
மாங்குளம்.
23.5.1962

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அப்பா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அம்மாவும் இருக்கிறா. இதைத்தான் முதலில் எழுத வேண்டுமென்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறா. ஏனென்றால் செய்தி என் கடிதத்துக்கு முந்தி மீன் லொறியில் ஏறிக் கொக்கிளாய்க்கு வந்திருக்கும். மீன் லொறியில் வருகிற செய்திக்கு வழியில் கையும் காலும் முளைக்கும்.

திங்கட்கிழமை நான் பூட்டியிருந்த றெயில்பாதைக் கேற்றைத் திறந்துவிட்டேன். றெயில் வந்துவிட்டது.

இந்த இரண்டு வசனத்தையும் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இனி மற்றதை எழுதுவேன்.

என் கதை உனக்குத் தெரியும். ஒட்டுசுட்டான் குடியேற்றக் காணியில் நான் விதைத்ததை இரண்டு போகம் யானை தின்றது. மூன்றாம் போகம் மழை இல்லாமல் யானைக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரனுக்கு வயல் எதற்கு என்று யானைகளே பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் நாற்பத்துமூன்று வயதில் இந்தத் தற்காலிகக் கேற் காவல் வேலை. வேலை பழக்கியவன் மஹ்றூப். முல்லைத்தீவுப் பொடியன், வயது இருபத்துநாலு, ஆறு வருசச் சேவை. மீசை மட்டும் வருவதா விடுவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று மாதம் அவன் சொல்ல நான் கேட்டேன். ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் கேற்றைப் பூட்ட வேண்டும். றெயில் போகும்வரை ராசா வந்தாலும் திறக்கக் கூடாது. "அண்ணை, பூட்டின உடன சாவியைக் காவல் கொட்டிலுக்குள்ள ஆணியில கொழுவிப்போட்டு வெளியால வந்து நில்லுங்கோ. கையில சாவி இருந்தா மனம் இளகும். உள்ள போய் எடுக்க இருவது அடி. அந்த இருவது அடிக்குள்ள புத்தி வரும்" என்பான். நான் சாவியை மடியில்தான் செருகினேன். நாற்பத்துமூன்று வயதுப் புத்தி வந்துசேர இன்னும் இருபது அடி நடக்க வேண்டுமா என்ற எண்ணம்.

திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். துணுக்காய்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு மாட்டுவண்டி காட்டுப்பாதையால் வந்து கேற்றில் நின்றது. மணி அடித்துப் பூட்டியாயிற்று. முதல் வண்டியில் அன்னபாக்கியம் என்று ஒரு பெண், வெள்ளைத்துணி சுற்றிய நேர்த்திப் பானையை மடியில் வைத்திருந்தவ. பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினதற்கு வைத்த நேர்த்தியாம். "ஐயா, இந்தப் பானை வாசல் கடந்தா வழியில நிக்கப்படாது. அம்மாளாச்சியை மறிச்சுப்போடாதேங்கோ" என்று கும்பிட்டா. பின்னால் நின்ற ஒரு கிழவர், "நீரும் எங்கட ஆள்தானே, திறவுமன்" என்றார்.

மணி அடித்தால் றெயில் வரப் பன்னிரண்டு நிமிடம். வண்டி பன்னிரண்டு. ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம். என் கணக்குச் சரிதான் பிள்ளை. மாடுகளுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. திறந்தேன். எட்டு வண்டி போனது. ஒன்பதாவதின் சில்லு உருண்டு தண்டவாளத்துக்கும் பலகைக்கும் இடையில் இறங்கிவிட்டது. அப்போது றெயில் கூவியது.

கால் ஓடவில்லை. வாயும் ஓடவில்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த மஹ்றூப் இடுப்பில் ஈரச் சாரத்தோடு சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு றெயிலை நோக்கி ஓடினான். றெயிலைக் கண்டால் எல்லாரும் ஓடுகிற திசைக்கு எதிர்த் திசையில் ஓடினான். கூட்ஸ் வண்டிதான். மாட்டுவண்டிக்கு மூன்று முழத்தில் நின்றது. ஒரு மாடு நுகத்தை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. வேறு ஒன்றுமில்லை.

டிரைவர் நல்ல மனிதர். "நான் லைனில மாடு நிண்டது எண்டு எழுதிவிடுறன், நீங்களும் அப்பிடியே முடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு நின்றது உண்மைதானே? ஆனால் மஹ்றூப் கொடியைச் சுருட்டி வைத்தான். கையைத் துடைத்தான். வந்து பேனையை எடுத்தான்.

"தம்பி, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றான். எழுதினான்.

நடந்தது நடந்தபடி மேலிடத்துக்கு எழுதிவிட்டான் மகள்! என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஜூன் பதினான்காம் திகதி விசாரணை. அம்மாவின் புட்டை மூன்று மாதம் தின்ற பொடியன். "அண்ணை, அண்ணை" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். தேள் கொட்டினால் தேள் என்று தெரியும். இது எது கொட்டினது என்றே எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்புள்ள அப்பா,
மயில்வாகனம்


கொக்கிளாய்,
29.5.1962

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தேன். இரண்டாம் தரம் நீங்கள் உயிரோடு இருப்பதற்காக அழுதேன். மூன்றாம் தரம் வாசித்தபோது கோபம் வந்தது.

யானைக்கு ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். மஹ்றூப்பின் மீசையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர் தின்ற புட்டு இருக்கிறது. "வேறு ஒன்றுமில்லை" என்று ஒரு வசனமும் இருக்கிறது.

அப்பா, அந்த ஒன்பதாவது வண்டிக்குள் யார் இருந்தது?

அருந்ததி


பாலையடிக் கேற்,
3.6.1962

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் தந்திபோல் இருந்தது. தந்திக்கு இத்தனை கனமில்லை.

எழுதாமல் விட்டது மறந்தல்ல.

மூன்று பிள்ளைகள். வைக்கோலுக்கு மேல் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள், காலையில் எழும்பி வந்த களைப்பு. அன்னபாக்கியத்தின் பிள்ளைகள். தாய் பானையோடு முதல் வண்டியில் அந்தப் பக்கம் போய்விட்டா. காய்ச்சல் மாறின பிள்ளையும் இதற்குள்தான். அவ அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. கத்தவில்லை. பானையையும் கீழே வைக்கவில்லை. றெயில் நின்ற பிறகு பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தவன் மஹ்றூப். ஒன்றுகூட முழிக்கவில்லை மகள். கடைசிப் பிள்ளை அவன் தோளில் வாயூற்றிக்கொண்டு நித்திரை.

இதை அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. உனக்கு எழுதும்போது கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

இனி மற்ற விசயம். கதிர்காமநாதன் மாமா வவுனியாவிலிருந்து வந்தார். வழக்குப் பேசும் பிரக்கிராசியார் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிறவருக்குச் சட்டம் வாசலடியில் கிடக்கும் செருப்புமாதிரி, எந்தக் காலுக்கும் போடுவார். ஒரு வாக்குமூலம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். நான் கையெழுத்து வைத்தால் போதும். அதில் இப்படி இருக்கிறது: மணி அடித்தபோது நான் காட்டுக்கரைக்குப் போயிருந்தேனாம். திரும்பி வந்து கேட்டபோது, கூட்ஸ் போய்விட்டது, திறவுங்கோ என்று மஹ்றூப் சொன்னானாம்.

"மச்சான், அவன் பொடியன், தனிக்கட்டை. ஒரு வேலை போனா இன்னொண்டு. உமக்கு நாப்பத்துமூண்டு. உமக்குத் திரும்பிப் போக யானை திண்ட காணிதான் கிடக்குது" என்கிறார். அதில் பொய்யில்லை.

"அவன்தானே முதல்ல உம்மைக் காட்டிக் குடுத்தவன்" என்றும் சொன்னார். அதிலும் பொய்யில்லை.

நான் கையெழுத்து வைக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. தாள் அலுமாரியில் இருக்கிறது. உன் அப்பா எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் இதற்குப் பாடம் வைக்கவில்லை.

மஹ்றூப் ஒரு பின்னேரம் வந்து வீட்டுப் படலையில் நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டேன். நித்திரை கொள்ளும்போது நான் குறட்டை விடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

அப்பா


கொக்கிளாய்,
11.6.1962

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் பதினான்காம் திகதிக்கு முதல் கிடைக்குமா தெரியவில்லை. லொறிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு இங்கே ஒன்று நடந்தது. சிரிக்கக்கூடிய விசயம்தான், ஆனால் நான் சிரிக்கவில்லை. நான் படிப்பிக்கிற இரண்டாம் வகுப்பில் மஸீனா என்று கெட்டிக்காரப் பிள்ளை. "கடற்கரை" பாடத்தை எழும்பி நின்று தண்ணீர்போல் வாசித்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது.

பிறகு படிப்பிக்காத ஒரு பக்கத்தை விரித்து எல்லாரிடமும் கொடுத்தேன். இருபத்துமூன்று பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு வரி வாசிக்கத் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் எழுத்துப் படிப்பிக்கவில்லை அப்பா. பாட்டுப் படிப்பித்திருக்கிறேன்.

பெரிய வாத்தியார் சிற்றம்பலம் அருமையான மனிதர். வெள்ளிக்கிழமைதோறும், "தங்கச்சி, உம்மட வகுப்புச் சத்தம் எனக்கு நல்லாக் கேக்குது, திறம்" என்பார். எட்டு மாதத்தில் ஒரு நாளும் உள்ளே வந்து பார்க்கவில்லை. என்னைக் கூச்சப்படுத்தக் கூடாதென்று வரவில்லையாம். நேற்றுக் கேட்டபோது சொன்னார். அந்த நல்ல மனம் எனக்கு இருபத்துமூன்று பிள்ளைகளின் எட்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

உங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறார். உங்கள் பிழையை உங்கள் முகத்துக்கு நேரே எழுதுகிற ஆள். எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் முதல் கிழமையே புத்தகத்தைத் திருப்பிப் பிடித்திருப்பேன்.

மாமாவின் தாளில் கையெழுத்து வைத்தீர்கள் என்றால் எனக்குத் தெரியப்படுத்த வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் உங்களுக்கு எழுத எனக்குக் கொஞ்சக் காலம் கை வராது.

அருந்ததி


பாலையடிக் கேற்,
15.6.1962

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. விசாரணை நேற்று முடிந்தது. ஆகவே நேற்று நான் செய்தது உன் கடிதத்தால் செய்ததல்ல. செய்தது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன், நீ பார்த்துக்கொள்.

மாமாவின் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்து வைத்திருந்தேன். ஓம், வைத்திருந்தேன். முதல்நாள் பின்னேரம் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு, "இனி எங்க போறது" என்று அடுப்பைத்தான் கேட்டா. நான் போய் வைத்துவிட்டேன்.

மாங்குளம் ஸ்டேஷனில் மேசை போட்டு இரண்டு பெரியவர்கள். மஹ்றூப் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமா யன்னலுக்கு வெளியே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். முதலில் மஹ்றூப்பின் அறிக்கையைக் கிளாக்கர் சத்தமாக வாசித்தார். அதை நான் அதுவரை பார்த்ததில்லை மகள். அவன் என்னைப் பற்றி என்ன எழுதினான் என்று மூன்று கிழமையாக மனத்துக்குள் நானே எழுதி, நானே வாசித்து, நானே கொதித்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் முதலாவது பெயர் என்னுடையதல்ல.

"முதலாவது பிழை பயிற்சி கொடுத்த மஹ்றூப் ஆகிய என்னுடையது. மே ஒன்பதாம் திகதி மயில்வாகனம் தனியாக நிற்கத் தகுதியானவர் என்று கையெழுத்து வைத்தேன். அவர் சாவியை ஒரு நாளாவது ஆணியில் கொழுவவில்லை. மூன்று தரம் சொன்னேன். என் தகப்பன் வயதுக்காரர் என்பதால் மேலும் சொல்லக் கூச்சப்பட்டேன். கூச்சத்தால் கையெழுத்து வைத்தேன். அதனால் மூன்று பிள்ளைகள் சாக இருந்தார்கள்." என் பிழை இதற்குக் கீழே இரண்டாவதாக இருந்தது. நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல்.

கிளாக்கர் வாசித்து முடித்துக் கண்ணாடியைத் துடைக்கிறார். சத்தமெல்லாம் எனக்குத் தூரத்தில் கேட்கிறது. றெயில் வந்த அன்றும் இப்படித்தான் இருந்தது.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று பெரியவர் கேட்டார்.

நான் எழும்பினேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்த வாசிப்புக் கேளாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீ என்னைக் கேட்காதே. நானும் என்னைக் கேட்கவில்லை.

"ஐயா, இந்த அறிக்கையில ஒரு பொய் இருக்குது" என்றேன்.

மஹ்றூப் நிமிர்ந்து பார்த்தான். யன்னலில் மாமாவின் முகம் மலர்ந்தது.

"மூண்டு தரம் எண்டு எழுதியிருக்குது. மூண்டில்லை ஐயா, ஏழு தரம் சொன்னவர். நான் கேக்கேல்லை. மணியும் கேட்டது, சாவியும் என்ர மடியிலதான் கிடந்தது. திறந்தது நான்."

மாமா வவுனியா பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளவுமில்லை.

தீர்ப்பு: மஹ்றூப்பின் சேவைப் புத்தகத்தில் கண்டனக் குறிப்பு. அவன் இந்த வருசம் எதிர்பார்த்த பதவி உயர்வு இல்லை. நான் கேற் காவலில் இருந்து நீக்கம். லைனில் கல் அடிக்கிற கூலியாக நிற்கலாம். மூன்று மாதம் திரும்பப் பயிற்சி எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் சோதனை பாஸ் பண்ணினால் பிறகு யோசிப்பார்களாம். நாற்பத்துமூன்று வயதில் உன் அப்பாவுக்குச் சோதனை. சிரி, நான் கோபிக்கமாட்டேன்.

வெளியே வந்தேன். அவன் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நின்றான்.

"எட்டாந்தரம் ஏன்ரா சொல்லேல்லை?" என்றேன். எனக்கு அவன்மேல் உண்மையிலேயே கோபம் வந்தது மகள். புதுமாதிரிக் கோபம்.

"அதைத்தானே அண்ணை எழுதினனான்" என்றான்.

"படலையில வந்து நிண்டதும் இதைச் சொல்லத்தானோ?"

"ஓம். நீங்கள் குறட்டை விட்டீங்கள்."

"அது பொய்க் குறட்டை எண்டு தெரிஞ்சும் ஏன் எழுப்பேல்லை?"

"அதுவும் கூச்சந்தான் அண்ணை. ஆனா அதுதான் கடைசி."

பயிற்சியை யாரிடம் எடுக்க விருப்பம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். "இவரிட்டத்தான்" என்றேன். "உம்மை எழுதிக் குடுத்தவரிட்டயோ?" என்று அவர் கேட்டார். மஹ்றூப்தான் சொன்னான், "வேற ஆரிட்டயும் விட்டா அவையும் கூச்சப்படுவினம் சேர்" என்று.

இப்போது அவன் கூச்சப்படுவதில்லை. நேற்றுப் பின்னேரமே தொடங்கிவிட்டான். ஆண்டவனே, ஒரு பொடியனுக்கு இவ்வளவு வாய் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்பா


கொக்கிளாய்,
26.6.1962

அன்புள்ள அப்பாவுக்கு,

"கையெழுத்து வைத்திருந்தேன்" என்று வாசித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் முடிந்து வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். அன்று பிள்ளைகளுக்கு நான் என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். லீவு எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். என் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு நாள் முழுக்க இருங்கள். என்ன பிழை கண்டாலும் எழுதித் தாருங்கள். எட்டாம் வகுப்பு என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். நான் படிப்பிப்பது இரண்டாம் வகுப்பு. நீங்கள் ஆறு வகுப்புக் கூடப் படித்தவர். பெரிய வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன். "தகப்பனோ? மகளின்ர பிழை தகப்பன்ர கண்ணில படுமோ தங்கச்சி?" என்று சிரித்தார்.

படுமா என்று நானும் பார்க்க வேண்டும்.

அருந்ததி


பாலையடிக் கேற்,
21.7.1962

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ தந்துவிட்ட கருவாட்டை அம்மா மோந்து பார்த்தே பாதிப் பசியாறினா. பஸ்ஸுக்குள் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. மாங்குளம்வரை ராசாமாதிரி வந்தேன்.

நீ கேட்டது கீழே. அங்கே வைத்துச் சொல்லாததற்குக் காரணம், உன் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு மடங்கும். மஹ்றூப் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இண்டைக்கே எழுதுங்கோ அண்ணை, நாளைக்கு எண்டா அன்பு கூடிப்போம்" என்று கொட்டிலுக்குள் இருத்திவிட்டு வெளியே நிற்கிறான்.

ஒன்று. கரும்பலகையில் எழுதும்போது அதை உன் முதுகால் மறைக்கிறாய். இடப்பக்கத்துப் பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கவில்லை, உன் பின்னலைப் பார்த்தார்கள்.

இரண்டு. மஸீனா இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். மெத்தச் சந்தோசம். ஆனால் கேள்வி கேட்டதெல்லாம் அவளிடம்தான். பதினொரு தரம். எண்ணினேன்.

மூன்று. யன்னலோரம் இருந்த மஞ்சள் சட்டைப் பிள்ளை நாலு தரம் கை உயர்த்தினாள். நாலாந்தரத்துக்குப் பிறகு கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பெயர் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நாலு. பிழையாக வாசித்த பிள்ளையைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது நீயும் சிரித்தாய். அன்பாகத்தான் சிரித்தாய். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது.

ஐந்தாவதும் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடுங்கோ, பிள்ளை அழும் என்கிறா தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா. விட்டுவிடலாம் என்று நானும் பேனையை மூடினேன். மூடித் திறந்து எழுதுகிறேன், கை கூசுகிறது.

ஒவ்வொரு பிள்ளையும் வாசித்து முடித்தவுடன் நீ கடைசி வாங்கில் இருந்த என் முகத்தைத்தான் பார்த்தாய், நான் சந்தோசப்படுகிறேனா என்று. காலையிலிருந்து மணி அடிக்கும்வரை என்னைப் பார்த்துத்தான் படிப்பித்தாய் மகள். அந்த இருபத்துமூன்று பேரையும் நீ ஒரு தரமும் பார்க்கவில்லை.

அப்பா